தொடு என்ற செய்கை

தவமணியின் வலது கை அன்றைக்கும் வேலைக்கு வரவில்லை. தவமணி வந்திருந்தார். ஏழரைக்கே வந்து, நீலக் கோட்டைப் போட்டு, கொண்டையை வலைக்குள் தள்ளி, தகடு வெட்டும் ஏழாம் எண் பிரஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே பொருத்தியிருந்த கை மட்டும், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, தொடையோரம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? இதோட நாலாவது நாள்," என்றார் சூப்பர்வைசர் கோதண்டம். "கையை மாட்டிக் குடுத்தவங்க நீங்க. என்ன வேணுமாம்னு கொஞ்சம் கையையே கேட்டுச் சொல்லுங்க."

நிறைமதி லேப்டாப்பை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஒரு மூலையாகப் பார்த்து வைத்தாள். இரண்டு பஸ் மாறி, பட்டரைவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே நடந்து வந்திருந்தாள். சாதாரணமாக அவள் ஆபீசை விட்டு வெளியே வருகிறவள் இல்லை. கையில் கோளாறு என்றால் கையைக் கழற்றிப் பார்க்கிற ஆட்கள் போவார்கள். அவர்கள் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டு, கையில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கையில் இல்லை என்றால் கைக்குச் சொல்லித்தருகிற நிரலில் இருக்க வேண்டும். நிரலில் பாதி அவள் எழுதியது.

விபத்தில் கை இழந்த தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகத் தருகிற நரம்புக் கை அது. நினைத்தால் போதும், அசையும். மாநிலம் முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தந்திருந்தார்கள். எல்லாக் கைக்கும் ஒரே கோதுமை நிற ரப்பர். தவமணியின் கறுத்த முழங்கையில் அது ஒட்டவே ஒட்டாமல் நின்றது.

நிறைமதிக்கு இருபத்தாறு வயது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் அவளுக்குப் பெருமை அதிகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கோபம்தான் அதிகம்.

"அக்கா, அந்த ஸ்பேனரை எடுங்க."

கை நீண்டது, எடுத்தது.

"கீழ வையுங்க. அந்தத் தகட்டைப் புரட்டுங்க. இப்போ ரெண்டு பட்டனையும் ஒண்ணா அழுத்துற மாதிரி செஞ்சு காட்டுங்க."

எல்லாம் செய்தது. பட்டுப்போல செய்தது.

"கை நல்லாத்தானே இருக்கு. மெஷினை ஓட்டுங்களேன்."

"ஓட்ட மாட்டேன் மேடம்," என்றார் தவமணி.

"ஏன்?"

"தொட்டுட்டுத்தான் ஓட்டுவேன். இத்தைத் தொட வுடமாட்டேங்குது."

தவமணி முகத்தால் காட்டிய இடத்தில், பிரஸ்ஸின் பக்கவாட்டில், காளான் மாதிரி ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது. அவசரத்துக்கு மெஷினை நிறுத்துகிற சுவிட்ச். அதை விரல் நுனியால் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலை தொடங்க வேண்டும். அதுதான் தவமணிக்கு வேண்டியது. அதற்கு மட்டும் கை வரவில்லை. தொட நினைத்தால் பொம்மைக் கையாகிவிடுகிறது.

நிறைமதிக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்காகவா மூணு நாளா மெஷினை நிறுத்தி வச்சிருக்கீங்க? உங்க கையைத் தின்ன மெஷின்க்கா அது. அதுக்கு எதுக்குக் கும்பிடு?"

தவமணி அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "கும்பிடுன்னு யாரு சொன்னது?"

கோதண்டம் நடுவில் புகுந்தார். "மேடம், விஷயம் இதுதான். ஏழு வேலை நாள்ல நாலு நாள் முழு ஷிப்ட் ஓட்டிக் காட்டணும். காட்டினா பழைய வேலை நிரந்தரம். காட்டலன்னா வேலையும் இல்ல, கையையும் கழட்டி உங்க கம்பெனிக்கே அனுப்பிடணும். மூணு நாள் போச்சு. பத்து மணிக்குள்ள முதல் அடி விழுந்தாத்தான் இன்னிக்கு கணக்குல வரும். நானும் மூணு நாளா லாக் புக்குல மெஷின் ரிப்பேர்னு எழுதி ஓட்டிட்டேன். இனிமே எழுதினா மேல இருந்து ஆள் வந்து மெஷினையே பிரிச்சிப் போட்டுருவான்."

மணி எட்டே கால்.

"இடக் கையால தொட்டுட்டு ஓட்டலாமே அக்கா," என்றாள் நிறைமதி, கொஞ்சம் இறங்கி.

"தோ பாரு," என்றார் தவமணி. 'மேடம்' போய்விட்டது. "ரெண்டு நாள் நானும் ரோசனை பண்ணேன். செரியா வராது. இந்தக் கைதான் தொடணும்."

*

கேண்டீனில் அந்நேரம் யாரும் இல்லை. டீ மட்டும் இருந்தது. நிறைமதி லேப்டாப்பைத் திறந்து, தவமணியின் கையிலிருந்து அன்று காலைப் பதிவை இறக்கிக்கொண்டிருந்தாள். தவமணி இடது கையால் டீயை ஆற்றினார்.

"இதுக்குள்ள இன்னா நடக்குது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன் பாப்பா. என் கைதானே."

நியாயமான கேள்வி. கை கொடுக்க ஆரம்பித்த எட்டு மாதத்தில் வேறு யாரும் கேட்டதாக நிறைமதிக்கு நினைவில்லை.

"நீங்க நெனைக்கிறப்போ நரம்புல ஆயிரக்கணக்கா பொறி வரும். மோட்டாருக்கு அது புரியாது. மோட்டார் பேசறது நரம்புக்குப் புரியாது. அதனால நடுவுல ஒரு இடைமொழி வச்சிருக்கோம். அதுல மொத்தம் அறுபது எழுபது செய்கைதான். நீட்டு, பிடி, தூக்கு, திருப்பு, விடு. உங்க நெனைப்பை முதல்ல இந்தச் செய்கைகளா மாத்திப்போம். அப்புறம்தான் மோட்டாருக்குப் போகும்."

"பட்டா உள்ள போவுது, டை வெட்டுது, பீஸ் வெளிய வருது."

"அதேதான். உங்க தகட்டுப் பட்டா மாதிரி. ஆனா நடுவுல ஒரு வேலை இருக்கு. வெட்டுனது எல்லாமே பீஸ் ஆகாது இல்ல?"

"ஸ்கிராப் வுழும்."

"ஆங். இங்கயும் அப்படித்தான். எந்தச் செய்கையால ஒரு பயனும் இல்லையோ, அதை ஒரு சல்லடை தூக்கிப் போட்டுடும். மோட்டார் வீணா ஓட வேண்டாம், பேட்டரி மிச்சம்."

தவமணி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் தொட நெனச்சது ஸ்கிராப்புல வுழுந்துடுச்சா?"

நிறைமதி திரையைப் பார்த்தாள். காலை ஏழு மணி நாற்பத்தோரு நிமிடத்தில் தவமணியின் நரம்பு சொன்னதை இடைமொழி அழகாக எழுதிவைத்திருந்தது: நீட்டு. தொடு. மடக்கு. தொடு. சல்லடைக்கு அப்புறம் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. பின்னால் வருகிற எந்தச் செய்கையும் அந்தத் தொடுதலை வாங்கிப் பயன்படுத்தவில்லை. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. ஆகவே தொடு வேண்டாம். தொடு போனபின் நீட்டுவது எதற்கு? நீட்டாத கையை மடக்குவது எதற்கு? ஒன்றன்பின் ஒன்றாக உருவிப் போட்டுவிட்டது. கை அசையவே இல்லை.

சல்லடையைக் குறை சொல்லிப் பயனில்லை. சல்லடை படிவத்தைப் பார்த்து நடக்கிற ஒன்று. ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு படிவம் உண்டு; ஒரு மனிதர் உட்கார்ந்து நிரப்பியிருப்பார். நிறைமதி அதைத் திறந்தாள்.

செய்கை: தொடு.
எதை வாங்கும்: இடம், விரல்.
எதைத் தரும்: தொட்ட உணர்வு.
வெளியுலகை மாற்றுமா: இல்லை.
காரணம்: சோதனையில் விளைவு எதுவும் காணப்படவில்லை.
நிரப்பியவர்: ம. நிறைமதி.

அவளுக்கு அந்த மதியம் நினைவு வந்தது. முதலில் செய்த கைகளில் பேட்டரி மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நிறைமதிதான் கண்டுபிடித்தாள். மனிதர்கள் நாள் முழுக்க எதையாவது தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைமுடி, சுவர், கம்பி, தூண். தொடு என்பதற்கு எதிரே இருந்த 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினாள். ஒரே சொல். பேட்டரி இரவு எட்டு மணி வரை நின்றது. கேக் வெட்டி, விருது என்று ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் நினைவு வந்தது. அதை மறக்கத்தான் விரும்பியிருப்பாள். சோதனை வீடியோக்களில் பலர் புதுக் கையால் முதல் காரியமாக எதையோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சொன்னாள்: "கும்பிடு போடறதுக்கு எதுக்குப் பேட்டரி?" மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சேத்துப்பட்டு நெல் மண்டியில் மூட்டை இறக்குகிற அவள் அப்பா, மண்டிக்காரர் மகன் வந்தால்கூட, அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிடுவதைப் பார்த்தவள் அவள். உலகத்தில் கும்பிடு என்று ஒன்று இல்லாமல் போனால் அவளுக்கு நிம்மதி. கையில் அதிகாரம் வந்த அன்று இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி ஆய்டுச்சு?"

"நான்தான் போட்டேன் அக்கா. ஸ்கிராப்புல. உங்க தொடுதலைப் போட்டது நான்தான்."

தவமணி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். தவமணி இன்னொரு டீ சொன்னார். அவளுக்கு.

"அந்த சுவிட்சை எதுக்குத் தொடறீங்க? சாமி இல்லன்னா வேற என்ன?"

கேண்டீன் சுவருக்கு அந்தப்பக்கம் மற்ற பிரஸ்கள் அடித்துக்கொண்டிருந்தன. மேசைமேல் டம்ளர் அதிர்ந்தது.

"கை உள்ள கீற வரைக்கும் மெஷின் எறங்கக் கூடாதுன்னு ஒரு சென்சார் வச்சிருப்பாங்க. தெரியுமா? அது அப்பப்போ மெஷினை நிறுத்தும். பீஸ் கொறையும். அதனால கழட்டி வச்சிட்டாங்க. அன்னிக்கு பீஸ் ஒண்ணு டைல சிக்கிச்சு, எடுக்கக் கைய வுட்டேன். ஒரு அடி. மணிக்கட்டோட போச்சு. கோட்டுக் கை வேற டைல மாட்டிகிச்சு, என்னால வெளிய இழுக்க முடியல. மெஷின் மறுபடி மேல போச்சு. ரெண்டாவது அடி வுழுந்திருந்தா தோள்பட்டை வரைக்கும் இழுத்திருக்கும். ஆளே போயிருப்பேன். ஒருத்தரு ஓடியாந்து அந்த சுவிட்சை அடிச்சாரு."

"யாரு?"

"கேளு. அதே ஆளுதான் அப்புறம் ரிப்போர்ட்டும் எழுதினாரு. 'விபத்துக்குக் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு. சென்சாரைப் பத்தி ஒரு வரி இல்ல." தவமணி கோதுமை நிறக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "உசிரைக் குடுத்ததும் அந்த ஆளு. பேரைக் கெடுத்ததும் அந்த ஆளு. மூஞ்சியப் பாத்து நன்றி சொல்ல வாய் வரல. சொல்லாம இருக்கவும் மனசு கேக்கல. சுவிட்சுக்கு மூஞ்சி இல்ல பாரு. அதனால அதுக்குச் சொல்லிட்டு வேலையப் பாக்கலாம்னு. மிச்சம் கெடச்சது இந்தக் கைதான். அப்ப இதுதானே சொல்லணும்?"

நிறைமதி அந்த டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஒவ்வாது. கல்லூரியில் உதவித்தொகை கொடுத்தவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் வருவார்கள். வாங்கியவர்களை வரிசையாக மேடையில் நிறுத்துவார்கள். நல்ல குரல் என்று நிறைமதியை மூன்று வருஷம் நன்றியுரை வாசிக்க வைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் விடுதிக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதை அவள் மேடையில் சொல்லவில்லை. கிடைத்ததே பெரிசு, வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். உண்மையில் அந்தக் கல்லூரியில் அவளுக்கு உதவியவள் ரெஜினா என்கிற அறைத்தோழி. தினமும் குளியலறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள். நன்றியுரையில் ரெஜினாவுக்கு இடம் இருந்ததில்லை.

அந்த நினைப்பில் அவளுக்கு வேறொன்று தட்டியது. தவமணியின் கையில் மட்டுமா இந்தச் சல்லடை?

சல்லடை எறிந்ததை எல்லாம் ஒரு மூலையில் எழுதிவைத்திருக்கும். யாரும் பார்ப்பதில்லை, ஸ்கிராப் தொட்டியை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? உள்ளங்கையில் ஒரு சின்னக் கேமரா உண்டு, எதிரே இருக்கும் பொருள் எதுவென்று மட்டும் சொல்லும். நிறைமதி முந்நூற்றுப் பன்னிரண்டு கைகளின் பட்டியலையும் இறக்கினாள்.

பூட்டிய பூட்டு. பசுவின் கழுத்து. சுவரில் போட்டோ. தூங்கும் பிள்ளை. நெற்றி. நெற்றி. நெற்றி. பஸ்ஸின் படி. தோசைக்கல்லின் ஓரம். வேறொருவரின் தோள். மறுபடியும் நெற்றி.

கையை வாங்கிய முதல் மாதத்தில் ஒருவர் ஒரே நாளில் நாற்பத்தொரு முறை ஒரு நெற்றியைத் தொட முயன்றிருந்தார். வீட்டில் யாருக்கோ காய்ச்சல் போல. நாற்பத்தொரு முறையும் கை தொங்கிக்கொண்டு நின்றிருக்கும். இரண்டாம் மாதம் நாளுக்கு மூன்று, நான்கு. மூன்றாம் மாதத்திலிருந்து பூஜ்யம். நினைப்பதையே விட்டுவிட்டார்.

அவர் நிரப்பிக்கொடுத்த கருத்துப் படிவத்தை நிறைமதி தேடி எடுத்தாள். 'கை நன்றாக உள்ளது. குறை ஒன்றும் இல்லை. மிக்க நன்றி.' அடுத்ததைத் திறந்தாள். மிக்க நன்றி. அடுத்ததும். எல்லாப் படிவத்திலும் மிக்க நன்றி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேடையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

*

மணி ஒன்பதே கால் ஆனபோது, டீம் லீடர் வத்சனிடமிருந்து போன் வந்தது.

"நிறை, சிம்பிளா முடிச்சிட்டு வா. அந்தம்மாவை இடது கையால தொடச் சொல்லு."

"சொன்னேன் சார். மாட்டேங்கிறாங்க. அவங்க சொல்றதுதான் சரி."

"சரி, அந்த ஒரு கைக்கு மட்டும் மாத்து. அப்ரூவல் அனுப்பறேன். மத்ததைத் தொடாத. பேட்டரி ஞாபகம் இருக்கில்ல? அதுக்குத்தான் உனக்கு அவார்டே குடுத்தோம்."

"அவார்டை எடுத்துக்குங்க சார். மத்தியானம் அரை மணி சார்ஜ் போட்டா எட்டு மணி வரைக்கும் வரும். அரை மணி சார்ஜ் வேணுமா, பிள்ளை நெத்தியைத் தொடணுமான்னு அவங்களையே கேப்போம்."

"முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட இதைக் குறையா சொல்லலியேம்மா."

"சொல்ல மாட்டாங்க சார். சும்மா கெடச்ச பொருளைக் குறை சொன்னா பிடுங்கிப்பாங்கன்னு பயம். நானும் சொன்னதில்ல."

"நீயா? நீ சொல்லாத குறையா?"

"காலேஜ்ல சார். மூணு வருஷம் மேடையேறி நன்றியுரை வாசிச்சவ நான்."

வத்சன் கெட்டவர் இல்லை. "படிவத்தை நிரப்பினது நீ. மாத்தற உரிமையும் உனக்குத்தான். ஆனா காரணம் எழுதணும். பாவமா இருக்குன்னு எழுதினா கமிட்டி என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கும். வெளியுலகை மாத்துதுன்னு சொல்றேன்னா, என்ன மாத்துச்சுன்னு காட்டு. ஒரே ஒரு விளைவு. கையெழுத்துப் போட நான் தயார்."

*

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தவமணியின் கையில் புதிய நிரல் ஏறி முடிந்தது. பிரஸ்ஸைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வெல்டிங் பக்கத்துப் பெண் ஒருத்தி, "தவமணிக்கா, கையி ஒத்துக்கிச்சா?" என்று கேட்டாள். "பேச்சுவார்த்தை நடக்குது," என்றார் தவமணி. கோதண்டம் எல்லாரையும் வேலைக்குப் போகச் சொல்லவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கையில் சோதனைப் படிவம் வைத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

தவமணி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. நரம்பு பழகியிருக்குமோ, இவரும் நினைப்பதை விட்டுவிட்டாரோ என்று நிறைமதி பயந்தாள்.

அப்புறம் கை எழுந்தது. அவசரமில்லாமல் எழுந்து போய், ஆள்காட்டி விரலின் நுனி சிவப்பு சுவிட்சின் தலையில் பட்டது. அழுத்தவில்லை, தூங்கும் குழந்தையின் கன்னத்தில் வைக்கிற மாதிரி வைத்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அங்கேயே இருந்தது. திரும்பி வந்து, வலது கண்ணிமையில் ஒன்று, இடது கண்ணிமையில் ஒன்று.

நிறைமதி திரையைப் பார்க்கவில்லை. திரையில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கோதண்டத்தைப் பார்த்துவிட்டாள். அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அட்டையால் மார்பை மறைத்துக்கொண்டு நின்றார்.

தவமணி இரண்டு பட்டன்களிலும் இரண்டு கைகளையும் வைத்தார். கோதுமை ஒன்று, கறுப்பு ஒன்று. பிரஸ் இறங்கியது. தரை அதிர்ந்தது. மணி ஒன்பது ஐம்பத்தாறு.

"அடிச்சாச்சு," என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. தவமணி வேறு எவரையும் பார்க்காமல் அடுத்த தகட்டை வைத்தார். பீஸ்கள் பெட்டியில் விழத் தொடங்கின.

கோதண்டம் நிறைமதியின் மேசைக்கு வந்தார். "மேடம், பேனா இருக்கா?"

கொடுத்தாள். சோதனைப் படிவம் இன்னும் காகிதம்தான், மூன்று நகல். முதல் பக்கத்தில் தவமணியின் பெயர், வயது, விபத்து நாள், விபத்துக்குக் காரணம் எல்லாம் பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுத்து அச்சடித்திருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு. கோதண்டம் அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். மேலே எழுதினார், கொட்டைக் கொட்டையாக, மூன்று நகலிலும்: 'பாதுகாப்பு சென்சார் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கழற்றச் சொன்னது நிர்வாகம். கழற்றியது நான். கோ. கோதண்டம், சூப்பர்வைசர்.'

"சுவிட்சை அடிச்சதும் நான்தான்," என்றார். "அதை எழுதல. அது அந்த சுவிட்சுக்கே தெரியும்."

"சார், உங்க வேலை போயிடுமே."

"போகும். பத்து மாசமா எதிர்ல படறப்போல்லாம் எதிர்பாக்கறேன் மேடம், ஒருநாள் ஏசிடுவான்னு. ஏசல. மூணு நாளா அந்தக் கையைத் தூக்க முக்கிகிட்டு நிக்கறப்போ நெனச்சேன், என்னை அடிக்கத்தான் தூக்கறாளோன்னு." பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அடிச்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

மூன்று நகலையும் நிறைமதி போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவர் போனபின், செய்கையின் படிவத்தைத் திறந்தாள். உடனே நிரப்பவில்லை. பதினொன்றரைக்கு இடைவேளை மணி அடிக்கும்வரை உட்கார்ந்து, அந்த இரண்டு கைகளும் வேலை செய்வதைப் பார்த்தாள்.

இடைவேளையில் தவமணியிடம் கருத்துப் படிவத்தை நீட்டினாள். "நல்லா இருக்குன்னு எழுதக் கூடாது. நன்றின்னும் எழுதக் கூடாது. வேற என்ன இருந்தாலும் சொல்லுங்க."

"எதனா சொன்னா புடுங்கிப்பீங்களா?"

"மாட்டோம்."

தவமணி அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். சார்ஜர் வயர் குட்டை, கட்டில்வரை வரவில்லை. சுண்டுவிரல் மழை நாளில் விறைக்கிறது. பட்டை அக்குளில் அறுக்கிறது, ரவிக்கை போடுகிறவளைக் கேட்டுச் செய்தீர்களா என்று கேட்டார். "அப்புறம் இது இன்னா கலர்? யாரோ சேட்டம்மா கையத் திருடி மாட்டிகினா மாதிரி கீது. பஸ்ல பக்கத்துல ஒக்கார்ரவங்க என்னையும் பாக்குறாங்க, கையையும் பாக்குறாங்க."

நிறைமதி ஒன்று விடாமல் எழுதினாள். பக்கம் நிறைந்து, பின்பக்கம் திருப்பி எழுதினாள். எட்டு மாதத்தில் வந்த முதல் குறை. எழுத எழுதக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா, அழுவுறியா?"

"இல்லக்கா. ரொம்ப நன்றி."

"நீயே சொல்லிட்ட பாரு," என்று தவமணி சிரித்துவிட்டு எழுந்து போனார். போகிற போக்கில் அந்தக் கை, நினைத்துச் செய்ததோ நினைக்காமல் செய்ததோ, நிறைமதியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது.

பஸ் நிறுத்தத்தில் அவள் முதலில் ரெஜினாவுக்கு நாலு வரி அனுப்பினாள். அப்புறம் லேப்டாப்பை மடிமேல் வைத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு கைகளுக்கும் பொதுவான அந்தப் படிவத்தை நிரப்பினாள்.

செய்கை: தொடு.
வெளியுலகை மாற்றுமா: ஆம்.
காரணம்: விளைவு காணப்பட்டது. ஏழாம் எண் பிரஸ், காலை ஒன்பது ஐம்பத்தாறு. சோதனைப் படிவம், மூன்று நகல் இணைப்பு.